சுடுதண்ணீரும் ஃப்ராவ் லேமனும்

2001ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் எழுபத்தாறு வயதுப் பெண்மணி ஒருவரின் இடுப்பெலும்பை உடைத்தேன். கையால் அல்ல, அவ்வளவு தைரியம் எனக்கு இன்றைக்கும் கிடையாது. இரண்டு கேத்தில் சுடுதண்ணீரால் உடைத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

ஹனோவரில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்கொரு வாரம் முறை வைத்துப் பனி அள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை முந்தைய வாரக்காரர் வந்து நம் கதவுப்பிடியில் 'பனி முறை' என்று எழுதிய ஒரு பிளாஸ்டிக் மட்டையைக் கொழுவிவிட்டு, மணியைக்கூட அடிக்காமல் போய்விடுவார். கதவைத் திறந்து மட்டையைக் கண்டால் முடிந்தது கதை. அந்த வாரம் வாசற்படியிலும் நடைபாதையிலும் எவ்வளவு பனி விழுந்தாலும் அது நம் சொந்தப் பனி. காலை ஏழு மணிக்குள் அள்ளி, மண் தூவி, மனிதர் நடக்கும்படி வைத்திருக்க வேண்டும். முந்தைய இரண்டு குளிர்காலங்களிலும் எங்கள் முறை வந்த வாரங்களில் மழைதான் பெய்தது. அப்பா அதைத் தன்னுடைய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தார்.

அந்த வருடம் பனி விழுந்ததற்கும் நான்தான் காரணம். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் வெள்ளைக் கிறிஸ்மஸ் வேண்டியிருந்தது. ஹனோவரில் அது எப்போதாவது ஒருமுறைதான் வரும் என்று ஆசிரியை சொன்னதும் இருபத்தாறு பிள்ளைகளும் பெருமூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். நாங்கள் சைவம், எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் கிடையாது. இருந்தாலும் பனி எல்லோருக்கும் பொதுவானதுதானே என்று, குளிர்சாதனப்பெட்டியின் மேல் இருந்த பிள்ளையாரிடம் விண்ணப்பம் வைத்தேன். ஜெர்மனியில் எதற்கும் அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம் போடவேண்டும் என்பது வந்து மூன்று வருடத்தில் எனக்குப் பழகிவிட்டிருந்தது. அன்ட்ராக்கோடு மூன்று சீனிக்கட்டியும் வைத்தேன். பிள்ளையார் நல்லவர். அந்த வாரம் யாருடைய முறை என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை யன்னல் வெளிச்சமாக இருந்தது. எட்டிப் பார்த்தால் கார்களைக் காணவில்லை; கார் அளவில் வெள்ளை மூட்டைகள் வரிசையாக நின்றன. அப்பா ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிவிட்டு நேரம் பிந்தி வந்து படுத்திருந்தார். அம்மா தடிமனுக்கு மருந்து குடித்து அசந்து கிடந்தார். பனி அள்ளும் சவள் நிலவறையில் இருந்தது. நிலவறைப் பூட்டின் திறப்பு எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவை எழுப்பியிருக்கலாம். ஆனால் எழும்பியதும் அவர் ஐந்து நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். வெந்நீரிலும் சோப்பிலும் வெடித்த கைகள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

மார்கழி பிறந்தால் அம்மா காலையில் கதவடியில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். ஊரில் சாணி கரைத்துத் தெளிப்பார்களாம். ஹனோவரில் சாணிக்கு எங்கே போவது, அதனால் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தூள். விரலால் நாலு சொட்டு, பக்கத்து வீட்டார் காணாதபடி. எனக்கு அன்று ஒரு யோசனை வந்தது. அம்மாவின் வேலையையும் அப்பாவின் வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம். இரண்டு கேத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, வாளியில் ஊற்றி, மஞ்சளைப் போட்டுக் கலக்கி, இரண்டு மாடி இறக்கிக்கொண்டுபோய், வாசற்படியிலிருந்து தெருவரைக்கும் தாராளமாக ஊற்றினேன். பனி சத்தம் போட்டுக் கரைந்தது. ஆவி எழும்பியது. கறுப்புக் கல் தெரிந்தது. இந்தச் சின்ன விஷயம் ஜெர்மன்காரருக்கு இவ்வளவு காலமும் தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது பாகை. நான் மேலே போய்ப் போர்த்துக்கொண்டு படுத்தேன்.

முதலாம் மாடி ஃப்ராவ் லேமன் சனிக்கிழமைகளில் பாண் வாங்கப் போவார். தனியாக இருக்கும் மனுஷி. கிறிஸ்மஸுக்கு முந்திய அட்வென்ட் காலத்தில் எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிஸ்கட் தருவார், எண்ணி ஒன்று. அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அம்புலன்ஸ் சத்தம்தான் கேட்டது.

நான் இறங்கிப் போனபோது அவரைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். அப்பா சாரத்துக்கு மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சமையல் உப்பைப் பொட்டலத்தோடு ஐஸின் மேல் கொட்டிக்கொண்டிருந்தார். கட்டடக் காவல்காரர் ஹெர் விட்டெக் சப்பாத்தின் நுனியால் அந்த ஐஸைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி, மஞ்சளாக இருந்தது. அவர் முகத்தில் முதலில் வந்த சந்தேகம் வேறு. அதைக் குனிந்து முகர்ந்து தீர்த்துக்கொண்டபின் நிமிர்ந்தார்.

"தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யார்?"

எங்கள் வீட்டில் ஜெர்மன் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் அப்பா அம்மாவுக்கு வாய் நான்தான். அவர்களுக்குப் பதில் நானே சிரித்தும் இருக்கிறேன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"ஆர் தண்ணி ஊத்தினது எண்டு கேக்கிறார்."

அப்பா ஐஸைப் பார்த்தார். பிறகு என் காற்சட்டைக் காலைப் பார்த்தார். முழங்கால்வரை மஞ்சள்.

"நான்தான் எண்டு சொல்லு."

"அப்பா, அது வந்து..."

"சொல்லடா. நித்திரை மயக்கத்திலை ஊத்திப்போட்டாராம் எண்டு சொல்லு."

சொன்னேன். ஒரு வேற்றுமை உருபுகூடப் பிசகாமல் சொன்னேன். ஆசிரியை கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஹெர் விட்டெக் கொப்பியை எடுத்தார். குமாரசாமி என்ற பெயர் அவருக்குப் பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

பின்னேரம் நடேசன் மாமா வந்தார். எண்பத்து நாலில் வந்து இறங்கியவர், ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். ஜெர்மன் சட்டத்தை ஜெர்மன்காரருக்கே விளங்கப்படுத்தத் தயங்காதவர்.

"பேர் எழுதினவனோ?"

"ஓம் அண்ணை," என்றார் அப்பா.

"கையெழுத்து?"

"வாங்கினவன்."

"உமக்கு ஏன் குமாரசாமி இந்த வீரம்? மனிசி கேஸ் போட்டா இன்சூரன்ஸ் வரும். இன்சூரன்ஸ் வந்தா பொலிஸ் வரும். பொலிஸ் வந்தா உம்மடை பைலுக்குள்ளை ஒரு தாள் கூடும். டுல்டுங்காரன்ரை பைல் மெலிவா இருக்கவேணும். அதுவும் இந்த நேரத்திலை..."

அவர் என்னைக் கண்டு நிறுத்திக்கொண்டார். டுல்டுங் என்பது எங்களிடம் இருந்த தாள். 'உங்களை வெளியேற்ற வேண்டியதுதான், மூன்று மாதத்துக்குப் பொறுத்துக்கொள்கிறோம்' என்பதை அரசாங்கம் மரியாதையான எழுத்தில் சொல்வது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்துப்போய், இன்னும் மூன்று மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்கவேண்டும். அடுத்த டெர்மின் ஜனவரி ஒன்பது.

"ஊரிலை சண்டை நிக்கப்போகுதாம், ரேடியோவிலை சொல்லுறாங்கள்," என்றார் அம்மா, பேச்சை மாற்ற.

"நல்லது தங்கச்சி. ஆனா அங்கை சண்டை நிண்டா, இஞ்சை இருக்கிறவன் என்ன சொல்லி இருக்கிறது?" என்றார் மாமா. பேச்சு மாறவேயில்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனியைக் கேட்டது நான். தண்ணீரை ஊற்றியது நான். அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டியது நான். ஜனவரி ஒன்பதாம் திகதி அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து, 'உங்களை அனுப்புகிறோம்' என்று அவர்கள் சொல்வதைத் தமிழில் அப்பாவுக்குச் சொல்லப்போவதும் நான்.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். "அம்மா, எங்களை அனுப்பிப்போடுவினமோ?"

"புட்டு ஆறுது. இருந்து சாப்பிடு."

நடேசன் மாமா சப்பாத்துப் போடும்போது கேட்டேன்.

"நீ வடிவா ஜெர்மனைப் படி. உன்னைச் சான்சலர் ஆக்கிப்போட்டு நாங்கள் எல்லாரும் கால் நீட்டிக்கொண்டு இருப்பம்," என்று என் தலையில் தட்டினார்.

அப்பாவிடம் கேட்டேன்.

"பாப்பம்," என்றார்.

அப்பாவின் 'பாப்பம்' எனக்குப் பழக்கமானது. ஓமுக்கும் இல்லைக்கும் நடுவில் அவர் கட்டி வைத்திருந்த வீடு அது. சைக்கிள் கேட்டாலும் பாப்பம், ஊருக்கு எப்போது போவது என்றாலும் பாப்பம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் பிறகு ஆளைப் பிடிக்க முடியாது.

ஞாயிறும் திங்களும் பனி கொட்டியது. கீழே பிள்ளைகள் பனி மனிதன் செய்தார்கள். என் வகுப்பு யோனாஸ் நிமிர்ந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினான். மூக்குக்கு கரட் கொண்டுவரச் சொன்னான். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். எல்லோரும் ஆசைப்பட்ட வெள்ளைக் கிறிஸ்மஸ் என் செலவில் வந்திருந்தது. எனக்கு அதில் கால்வைக்கப் பயம். பிள்ளையாரிடம் போய், போதும், இனி நிற்பாட்டுங்கோ என்று சொல்லி மூன்று சீனிக்கட்டியையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். பனி இன்னும் பலமாக விழுந்தது. அப்பா, ஞாயிறு மாலையோடு எங்கள் முறை முடிந்தும், இரண்டு காலையும் நாலரை மணிக்கு எழும்பி, தெரு முனைவரைக்கும், எங்கள் எல்லை தாண்டி, மற்றக் கட்டடத்தின் பனியையும் சேர்த்து அள்ளினார். நான் யன்னலால் பார்த்தேன். அவர் நிமிர்ந்து இடுப்பில் கைவைக்கும்போதெல்லாம் ஃப்ராவ் லேமனின் இடுப்பு ஞாபகம் வந்தது.

கிறிஸ்மஸ் அன்று அம்மா உளுந்து வடை சுட்டார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதாம். மூவரும் ட்ராமில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா கல்யாணங்களுக்குப் போடும் கோட் போட்டிருந்தார்.

ஃப்ராவ் லேமன் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்து மேசையில் காகிதத்தில் வெட்டிய ஒரு கிறிஸ்மஸ் மரம். வீட்டில் கண்டதைவிடச் சின்னதாக இருந்தார். பல்லைக் கழற்றி வைத்திருந்ததால் இருக்கலாம். எங்களைக் கண்டதும் போட்டுக்கொண்டார்.

"மன்னிக்கச் சொல்லி நான் கேட்டதாச் சொல்லு," என்றார் அப்பா. "வடிவான ஜெர்மனிலை சொல்லு."

நான் கட்டிலருகே போனேன். அப்பாவும் அம்மாவும் எனக்குப் பின்னால் நின்று, புகைப்படத்துக்கு நிற்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃப்ராவ் லேமன்," என்றேன் ஜெர்மனில், "தண்ணீர் ஊற்றியது என் அப்பா இல்லை. நான். அவர் நித்திரை. ஹெர் விட்டெக்கிடம் அவர் பொய் சொன்னார், அதை நான் மொழிபெயர்த்தேன்."

அப்பா பின்னாலிருந்து பலமாகத் தலையாட்டினார். "யா, யா," என்றார் அம்மா, அவருக்குத் தெரிந்த ஜெர்மனில் பாதியைச் செலவழித்து.

ஃப்ராவ் லேமன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்," என்றார். "பதினொரு நிமிடம் அந்த ஐஸில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. ஐஸுக்குள்ளே ஒரு செருப்புத் தடம் இருந்தது. உன் அப்பாவின் கால் அவ்வளவு சின்னதா?"

"இல்லை."

"அது என்ன மஞ்சள்?"

"சமையலுக்குப் போடுவது. கிருமி வராது."

"கிருமி வரவில்லை," என்றார் ஃப்ராவ் லேமன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"வலி குறைவாம்," என்றேன். அந்த நாலு நாளில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது.

ஃப்ராவ் லேமன் வடையில் ஒன்றை எடுத்தார். ஓட்டைக்குள்ளால் ஒரு கண்ணை வைத்து என்னைப் பார்த்துவிட்டுக் கடித்தார். நாற்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர். நேரத்துக்கும் விதிக்கும் வாழ்ந்தவர். மென்று முடித்தபின் சொன்னார்: "நான் வெளியே வந்தது ஆறு ஐம்பதுக்கு. பனி அள்ளும் கடமை ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது. ஏழுக்கு முன் விழுந்தால் அது என் சொந்தப் பொறுப்பு. இன்சூரன்ஸ்காரருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீரைப் பற்றி அந்தத் தாளில் கேள்வியே இல்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் எழுதுவதில்லை."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படியென்றால் எங்களை அனுப்பமாட்டார்களா?"

"எங்கே?"

"திருப்பி. சிறிலங்காவுக்கு. எங்களிடம் டுல்டுங்தான் இருக்கிறது."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பஞ்சு பஞ்சாக விழுந்துகொண்டிருந்தது.

"நான் உன் அளவாக இருந்தபோது கிறிஸ்மஸ் என்றால் பனிதான்," என்றார். "ஒவ்வொரு வருடமும். கதவு திறக்காது. அப்பா யன்னலால் குதித்து, வெளியிலிருந்து வழி வெட்டிக்கொண்டு வருவார். அம்மா எங்கள் கம்பளிக்காலுறைகளை அடுப்பில் சூடாக்கித் தருவார். தேவாலயத்துக்குச் சறுக்குவண்டியில் போவோம். தம்பி ஒருமுறை வண்டியிலிருந்து விழுந்து, ஒருவரும் கவனிக்காமல், நாங்கள் பாதிப் பாட்டுப் பாடிய பிறகுதான்..."

தம்பியைக் கண்டுபிடித்த கதையை முழுவதும் சொன்னார். பிறகு இன்னொரு கிறிஸ்மஸ், ஆறு உறைந்த வருடம். நல்ல கதைகள்தான். வேறொரு நாள் என்றால் வாயைத் திறந்துகொண்டு கேட்டிருப்பேன். என் கேள்விக்கு மட்டும் அதில் எங்கும் பதில் இல்லை. அம்மா புட்டைப் பற்றிப் பேசினார், ஃப்ராவ் லேமன் பனியைப் பற்றிப் பேசினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"சின்ன வயசிலை ஸ்னோ கூடவாம்."

"ஓ," என்று மரியாதையாகத் தலையசைத்தார் அப்பா.

வெளியே வரும்போது நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. ட்ராம் தரிப்பில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கிறிஸ்மஸ் என்பதால் அரை மணித்தியாலத்துக்கு ஒன்றுதான் ஓடும். தண்டவாளம் பனிக்குள் மறைந்து கிடந்தது. வீடுகளின் யன்னல்களில் மெழுகுவர்த்தி விளக்குகள். ஆசிரியை பலகையில் வரைந்து காட்டிய வெள்ளைக் கிறிஸ்மஸ் அப்படியேதான் இருந்தது, ஒரு கோடு குறையாமல்.

"அப்பா, நீங்கள் இனிப் பயப்பிடத் தேவையில்லை," என்றேன். "நான் அவவுக்குச் சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"நான்தான் ஊத்தினதெண்டு. மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்களெல்லே, அப்ப. அவவுக்கு முதலே தெரியுமாம். கேஸ் போடமாட்டாவாம். ஏழு மணிக்கு முன்னம் விழுந்தது தன்ரை பிழையெண்டு எழுதிக் குடுத்திட்டா."

அம்மா அப்பாவைப் பார்த்தார். "நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்க, இவன் அங்கை இதைத்தான் கதைச்சவன்," என்றார். சிரிப்பு வந்து பாதியில் நின்ற குரல் அது.

நான் விடவில்லை.

"அப்ப உங்கடை பைலுக்குள்ளை தாள் கூடாது. இனி எங்களை அனுப்பமாட்டினம்தானே?"

"ட்ராம் வரட்டும். வீட்டை போய்க் கதைப்பம்," என்றார் அம்மா.

"நான் ஊத்தினதாலைதானே அனுப்பப் பாத்தவை? இப்ப அது முடிஞ்சுதெல்லே?"

"பிரதாப், குளிருது, தொப்பியை இழுத்துவிடு..." என்றார் அம்மா.

"இல்லை, சாந்தா," என்றார் அப்பா. "நீர் விடும். நாலு நாளாக் கேக்கிறான். எல்லாரும் அவனுக்கு விளையாட்டுக் காட்டுறம். அவன் தன்னாலைதான் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறான்."

கல்யாணக் கோட் நனைவதைப் பார்க்காமல் பனியில் ஒரு முழங்காலை ஊன்றி என் உயரத்துக்கு வந்தார். வெடித்த கைகளால் என் தொப்பியிலிருந்த பனியைத் தட்டினார். நான் 'பாப்பம்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"கேள் தம்பி. நவம்பர் மாதம் கடிதம் வந்தது. எங்கடை கடைசி அன்ட்ராக்கும் சரிவரேல்லை. உன்னட்டை வாசிக்கத் தர மனம் வரேல்லை, நடேசன் அண்ணைதான் வாசிச்சுச் சொன்னவர். அப்ப ஸ்னோவும் விழேல்லை, நீ தண்ணியும் ஊத்தேல்லை. விளங்குதோ? உன்னாலை இல்லை."

"அப்ப..."

"ஓம், அனுப்புவாங்கள்," என்றார் அப்பா. "மாசி முடியிறதுக்கிடையிலை போகவேணும்."